பதினைந்தாம் திகதிக்கு முன்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
11.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். படியேறும்போது மட்டும் அம்மாவுக்கு முழங்கால் நோகிறதாம். உங்களுடைய தடிமனும் தும்மலும் மாறிவிட்டதா?

கடிதத்தைக் கண்டு பயந்திருப்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. என் போனை விற்றுவிட்டேன், அவ்வளவுதான். இனி வீட்டில் இருப்பது அம்மாவின் பட்டன் போன் ஒன்றுதான். அதில் நான் கதைக்கத் தொடங்கினால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்துவிடுவா. உங்களோடு ஒரு வார்த்தை தனியாகக் கதைக்க ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன்.

போனை ஏன் விற்றேன் என்று கேட்பீர்கள். கொம்பியூட்டர் ஒன்று செய்யப்போகிறேன். புதிதாக வாங்குகிற வசதி இல்லை. பாவித்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து ஒன்றாகப் பூட்டினால் அறுபதாயிரத்துக்குள் முடிக்கலாம் என்று வினோதன் அண்ணா சொல்கிறார். உள்துறைமுக வீதியில் பிரிண்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். படவரைஞர் வகுப்பு முடித்து இரண்டு வருடமாகிவிட்டது அக்கா. படித்தது கையை விட்டுப் போகிறது. ஒரு கோடு கீறுவதென்றாலும் அடுத்தவர் வீட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு விசயம். கிண்ணியா முனீப் நானா போன கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர். உங்களிடம் வீட்டுப் பிளான் கீறுவிக்கிற அதே கொந்தராத்துக்காரர்தான். "அக்கா கொழும்பில இருக்கிறா தங்கச்சி, ஒரு சுவரை மாத்திறதெண்டாலும் மூண்டு நாள் போகுது. நீங்கள் பக்கத்தில இருக்கிறீங்கள். ஒண்டைக் கீறித் தாங்களன் பாப்பம்" என்றார். சின்ன வீடுகள் மட்டும்தான். உங்களுக்கு இதில் மனக்குறை இருக்காது என்று நினைக்கிறேன்.

என்ன வாங்கவேண்டும், எதை வாங்கக் கூடாது என்று விபரமாக எழுதுங்கள். உங்களை விட்டால் எனக்கு இதில் வேறு ஆள் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
லோஜினி


வெள்ளவத்தை,
கொழும்பு.
22.08.2024

அன்புத் தங்கச்சி லோஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தடிமன் மாறிவிட்டது. அம்மாவுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

முனீப் நானா என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாலு வருடமாக என்னோடு வேலை செய்கிற மனுசன். போன மாதம்கூட இரண்டு தரம் கதைத்தவர். பரவாயில்லை. அவருக்கு எது வசதியோ அதைத்தானே அவர் பார்ப்பார்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பவர் சப்ளையை மட்டும் மலிவாக வாங்காதே. அது போனால் மற்றதெல்லாவற்றையும் கொண்டு போகும். ராம் எட்டு ஜிபிக்குக் குறைந்தால் பிளான் கீற முடியாது. மொனிட்டர் பழையதானாலும் பெரிதாக இருக்கட்டும், கண் தப்பும். கேசிங் எதுவானாலும் பரவாயில்லை, உப்புக்காற்றில் எப்படியும் கறள்தான் பிடிக்கப்போகிறது.

என் கொம்பியூட்டரை நான் செய்து முடிக்க மூன்று வருடம் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டை விட்டு மிச்சம் பிடித்தேன். இந்த போர்டிங் அறையில் அதை வைக்க மேசைகூட இருக்கவில்லை, பெட்டிக்கு மேல் வைத்துத்தான் கீறினேன். அம்மாவிடம் ஒரு சதம் கேட்கவில்லை. நீயும் அப்படித்தான் செய்கிறாய் என்று நினைக்கிறேன். அவசரப்படாதே. மூன்று வருடம் பெரிய காலம் இல்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
கீர்த்தனி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
05.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலத்தை எதிர்பார்க்கிறோம். ஒத்தடம் கொடுத்த பிறகு அம்மாவின் கால் கொஞ்சம் சுகம்.

உடனே பதில் எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். அலைச்சல். கேசிங் கிடைத்துவிட்டது, கடை மூடுகிற ஒருவர் சும்மாவே தந்தார். அதை முற்றத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது தெருவில் திரிகிற மான் ஒன்று வந்து மட்டைப் பெட்டியைத் தின்றுவிட்டது. அம்மா விளக்குமாறோடு அதன் பின்னால் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், முழங்கால் நோ எங்கே போனதோ தெரியாது. நீங்கள் சொன்னபடி பவர் சப்ளையைப் புதிதாக வாங்கினேன். மொனிட்டர் கச்சேரிக் கந்தோர்ப் பக்கத்தில் எடுத்தது, ஓரத்தில் ஒரு கீறல், மற்றும்படி நல்லது. ராம் எட்டு ஜிபி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சரி.

அம்மா கையில் கிடந்த சோடித் தங்கக் காப்பைக் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தா. நான் கேட்கவில்லை அக்கா, சத்தியமாகக் கேட்கவில்லை. "என்ர பிள்ளை அடுத்த வீட்டு வாசலில போய் நிக்கக் கூடாது" என்று சொல்லிக் காசைக் கையில் வைத்தா.

இப்போது மிஞ்சி இருப்பது மதர்போர்ட்டும் புரொசசரும்தான். டியூஷன் நிலையம் நடத்திய ஒருவர் இரண்டும் சேர்ந்த ஒரு போர்ட் வைத்திருக்கிறார். புரொசசர் போர்ட்டோடு ஒட்டியே வருகிறது. பெயரையும் நம்பரையும் வேறு துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள். விலை என் கைக்கு எட்டுகிறது. வினோதன் அண்ணா பார்த்துவிட்டு, "வேலை செய்யும் தங்கச்சி, அதில பிழை இல்லை. ஆனா பிளான் கீறுற புரோகிராம் அதில எப்பிடி ஓடும் எண்டு எனக்குத் தெரியாது. உங்கட அக்காவைக் கேளுங்கோ, அவவுக்குத்தான் தெரியும்" என்றார்.

விற்கிறவர் பதினைந்தாம் திகதி வரைக்கும்தான் வைத்திருப்பாராம். வாங்கிய பிறகு திருப்பி எடுக்க மாட்டாராம். நீங்கள் நீளமாக எழுதத் தேவையில்லை. ஞாயிறு அம்மாவுக்குப் போன் எடுக்கும்போது "ஓம்" அல்லது "வேண்டாம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் விளங்கிக்கொள்வேன். ஒன்றும் சொல்லாவிட்டால் அதில் பிழையில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
லோஜினி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம். மழை தொடங்கிவிட்டது.

கடிதம் வரவில்லை. ஆனால் பதின்மூன்றாம் திகதி நீங்கள் எடுத்ததாக அம்மா சொன்னா. நான் அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். "அக்கா ஏதும் சொன்னவவா?" என்று மூன்று தரம் கேட்டேன். "கனநேரம் கதைச்சவ. போர்டிங்கில மீன் சரியில்லையாம், ஒஃபிசில புதுசா ஒரு பெடியன் மேலதிகாரியா வந்திருக்கிறானாம், உன்னைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்ல" என்றா. ஒன்றும் சொல்லவில்லை என்றால் பிழையில்லை என்றுதானே அர்த்தம்? பதினைந்தாம் திகதி காலையில் போய் வாங்கிவிட்டேன்.

அக்கா, அது உயிர் வந்த நேரத்தை எப்படி எழுதுவது! வினோதன் அண்ணாவின் கடையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். அவர் பட்டனை அமத்தினார், விசிறி சுற்றியது, மொனிட்டரில் வெளிச்சம் வந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டா. இப்போது சாமி அறைக்கு வெளியே ஜன்னலோடு மேசை போட்டு வைத்திருக்கிறேன். சின்னதாக ஓர் அறையும் குசினியும் கீறிப் பார்த்தேன். வேலை செய்கிறது. முனீப் நானா ஒரு வீடு தந்துவிட்டார். றுக்கியா டீச்சர் என்று கிண்ணியாவில் ஒருவர், மேல்மாடியோடு கட்டப்போகிறாவாம்.

நீங்கள் வரும்போது உங்களைத்தான் முதலில் அந்தக் கதிரையில் இருத்துவேன்.

அன்புடன்,
உங்கள் லோஜி


வெள்ளவத்தை,
கொழும்பு.
27.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். உங்கள் இருவரின் நலமும் அதுவே ஆகட்டும்.

உன் ஐந்தாம் திகதிக் கடிதம் எனக்குச் சுணங்கித்தான் கிடைத்தது. இருபதுக்குப் பிறகுதான். தபால் இப்போது அப்படித்தான். அதற்குள் நீ வாங்கிவிட்டாய். வாங்கியதைப் பற்றி இனி என்ன சொல்வது? ஓடுகிறது என்கிறாய், சந்தோசம்.

அம்மா காப்பை விற்றது எனக்குப் போனில் சொல்லப்படவில்லை. மீனைப் பற்றியெல்லாம் கதைத்தோம், இதைக் கதைக்கவில்லை. ஏழு வருடத்துக்கு முன் நான் டிகிரிக்கு விண்ணப்பம் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தது உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது பள்ளிக்கூடம். "பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிச்சது காணும்" என்று சொன்னா. அப்போதும் அந்தக் காப்புகள் கையில்தான் இருந்தன. சரி, அது பழைய கதை.

மேல்மாடி வீடா? முனீப் நானா எனக்கு இதுவரை நாலு மேல்மாடி வீடுதான் தந்தவர். உனக்கு முதல் வீடே மேல்மாடி. நல்லது.

தீபாவளிக்கு வர ஏலாது. லீவு இல்லை.

கீர்த்தனி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
20.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன். அம்மா சுகம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

வேலை போய்விட்டது அக்கா.

பிளானைத் திரையில் பார்க்க வேண்டும் என்று றுக்கியா டீச்சரும் அவருடைய கணவரும் முனீப் நானாவோடு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். அம்மா பற்றிஸ் பொரித்து வைத்திருந்தா. கீழ்வீட்டைக் காட்டும்வரை ஒரு குறையும் இல்லை. மாடியைத் திறந்தேன். திறந்துகொண்டே இருந்தது. டீச்சர் மெதுவாக, "மகள், இந்தப் படிக்கட்டை மற்றப் பக்கம் திருப்பினா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார். நான் படிக்கட்டைப் பிடித்து நகர்த்தினேன். திரை அப்படியே நின்றுவிட்டது. தேத்தண்ணி ஆறிப்போனது. எல்லோரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பிறகு படம் கறுத்துப் போனது. திரும்பப் போட்டபோது நாலு நாள் கீறிய மாடி அதில் இல்லை.

"பரவாயில்ல மகள்" என்று டீச்சர் என் தோளைத் தட்டினார். அதுதான் பெரிய வெட்கம். முனீப் நானா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பிரதேச சபைக்கு இந்த மாசத்துக்குள்ள பிளான் குடுக்கோணும் தங்கச்சி. நான் வேற வழி பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வினோதன் அண்ணா வந்து திறந்து பார்த்தார். சாமானில் பிழை இல்லையாம். அந்தப் புரொசசரின் பலமே அவ்வளவுதானாம். எழுத்து வேலைக்கு ஓடும், இரண்டு மாடி வீட்டுக்கு ஏலாது. போர்ட்டோடு ஒட்டிய புரொசசர் என்பதால் அதை மட்டும் கழற்றி மாற்றவும் முடியாது. வைத்திருந்தால் இப்படியே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுவதையும் எறிய வேண்டும்.

அம்மா வெறும் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நடக்கிறா.

நான் என்ன செய்யட்டும்? எழுதுங்கள்.

லோஜினி


வெள்ளவத்தை,
கொழும்பு.
03.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நலமறிய அவா.

உன் கடிதம் பார்த்துக் கவலைப்பட்டேன். இப்படி நடப்பது வழமைதான். முதல்தரம் யாருக்கும் சரிவருவதில்லை. மனத்தைத் தளரவிடாதே.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். எல்லோருக்கும் எல்லா வேலையும் பொருந்த வேண்டும் என்று இல்லை. அந்தக் கொம்பியூட்டர் எழுத்து வேலைக்கு ஓடும் என்றுதானே சொல்கிறார்கள். கோட்டடியில் சட்டத்தரணிமாரின் தட்டச்சு வேலைகள் நிறைய வரும். அதை எடுத்துச் செய்யலாம். அம்மாவுக்கும் நீ பக்கத்தில் இருப்பாய்.

எனக்கு இங்கே இப்போது வேலை கொஞ்சம் நெருக்கடி. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். பிறகு விபரமாக எழுதுகிறேன்.

அம்மாவைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

கீர்த்தனி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
26.12.2024

அக்காவுக்கு,

நேற்று கிண்ணியாவுக்குப் போனேன், முனீப் நானாவிடம் மன்னிப்புக் கேட்க. "அதுக்கென்ன தங்கச்சி, அண்டைக்குப் பின்னேரமே அக்காவுக்கு எடுத்தனான். மூண்டு நாளில கீறி அனுப்பிட்டா. சபையும் கையெழுத்துப் போட்டாச்சு" என்றார். நீங்கள் எனக்குச் சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்தாராம்.

ஒரு கேள்விதான் இருக்கிறது. ஒக்டோபர் ஐந்தாம் திகதிக் கடிதத்தை நான் பதிவுத் தபாலில் போட்டேன். நீங்கள் கையெழுத்து வைத்துத்தான் எடுத்திருப்பீர்கள். அதை என்றைக்கு எடுத்தீர்கள்? ரசீது என்னிடம் இருக்கிறது. தபாற்கந்தோரில் கேட்டால் சொல்வார்கள். நான் அங்கே கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

லோஜினி


வெள்ளவத்தை,
கொழும்பு.
16.01.2025

என் தங்கச்சி லோஜிக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு இன்று முகமில்லை. பொங்கலுக்கும் அதனால்தான் வரவில்லை.

ஒன்பதாம் திகதி, புதன்கிழமை. வேலைக்குப் போகிற வழியில் கையெழுத்து வைத்து எடுத்தேன். பஸ்ஸுக்குள்ளேயே வாசித்தேன். நீ துண்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரியும். எங்கள் கம்பனியில் வரவேற்பு மேசைக்கு அதே போர்ட்டைத்தான் வாங்கினார்கள். ஒருமுறை அவசரத்துக்கு அதில் பிளான் திறந்து பார்த்தோம், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். "வேண்டாம்" என்று ஒரு சொல். நீ அவ்வளவுதான் கேட்டாய்.

அன்று பின்னேரமே எடுத்துச் சொல்லத்தான் நினைத்தேன். பிறகு ஞாயிறு சொல்லுவோம் என்று விட்டேன். ஞாயிறு அம்மா போனை எடுத்தா. எடுத்தவுடன், "லோஜி எவ்வளவு கெட்டிக்காரி தெரியுமா, தனியவே ஓடித் திரிஞ்சு எல்லாம் வாங்கிப்போட்டாள்" என்று தொடங்கினா. நான் இங்கே ஓடித் திரிந்து, சாப்பாட்டை விட்டு, மூன்று வருடம் செய்ததை அம்மா ஒரு நாளும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. மீனைப் பற்றிக் கதைத்தேன். புதிய மேலதிகாரியைப் பற்றிக் கதைத்தேன். போனை வைத்த பிறகும் இரண்டு நாள் இருந்தது. திங்கள் எடுத்திருக்கலாம். செவ்வாய் காலை எடுத்திருக்கலாம். செவ்வாய் காலை ஒஃபிசில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணியானதும், இனி வாங்கியிருப்பாள் என்று நினைத்தேன். அப்போது எனக்குள் வந்தது கவலை இல்லை லோஜி. அதை எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் இந்தத் தாளோடு இருந்தேன்.

கம்பனியில் எட்டு வருடமாக நான் அதே கதிரை. நான் கீறுவதெல்லாம் யாரோ யோசித்த கட்டடங்கள். என்னைவிட ஐந்து வயது குறைந்த ஒருவன் வந்து சிவப்புப் பேனையால் திருத்துகிறான். கிண்ணியாவில் இருக்கிற அந்த நாலு வீடுகள் மட்டும்தான் நான் யோசித்தவை. ஜன்னல் எந்தப் பக்கம் வர வேண்டும், காற்று எங்கால் வரும் என்று நான் முடிவு எடுத்தவை. நீ அதற்குள் வருகிறாய் என்றபோது என் வீட்டில் யாரோ புகுந்தது போல இருந்தது. புகுந்தது என் தங்கச்சி என்று நினைக்கவில்லை.

முனீப் நானா எடுத்தபோது மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஆசையோடு கீறினேன். டீச்சர் கேட்டபடி படிக்கட்டைத் திருப்பிப் போட்டேன். அது நீ யோசித்த வீடு என்பதும் எனக்குத் தெரியும். அவர் உன் பிளானின் கீழ்வீட்டை எனக்கு அனுப்பியிருந்தார். நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். என் கொம்பியூட்டரின் போர்ட், புரொசசர், ராம். கழற்றிவிட்டேன். எந்தக் கேசிங்குக்குள்ளும் பொருந்துகிற அளவுதான். முனீப் நானாவிடம் இனி எனக்கு வேலை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் விருப்பம்.

கீர்த்தனி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
09.02.2025

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று உண்மையிலேயே கேட்கிறேன்.

பார்சல் வந்தது. இரண்டு கிழமை திறக்கவில்லை, கட்டிலுக்குக் கீழே கிடந்தது. திருப்பி அனுப்பத்தான் இருந்தேன். உங்கள் கடிதத்தை வாசித்த அன்று அம்மா வைத்த சோற்றைச் சாப்பிடவில்லை. அந்தச் சனிக்கிழமை டீச்சர் என் தோளைத் தட்டினாரே, அந்த இடம் திரும்பவும் எரிந்தது. நான் வெட்கப்படப் போகிறேன் என்று தெரிந்துகொண்டு நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். மன்னித்தேன் என்று எழுத இப்போது ஏலாது. எழுதினால் பொய்.

பொய் என்றதும் என்னுடையதையும் எழுதத்தான் வேண்டும்.

முனீப் நானா என்னைத் தேடி வரவில்லை. நான் எழுதிய அந்தக் கிழமை அவர் வீட்டுக்கு வரவே இல்லை. நான்தான் கிண்ணியாவுக்குப் போய் அவரைப் பிடித்தேன். "அக்கா எடுக்கிறதில பாதிக்குச் செய்து தாறன். அவவுக்குச் சொல்ல வேண்டாம், நான் சொல்லுறன்" என்று கேட்டேன். கொழும்பு என்றால் மூன்று நாள் போகிறது என்று சொன்னதும் அவர் இல்லை, நான். அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "அக்காட வேலையைத் தங்கச்சி கேக்கிறது சரியில்லையே" என்றார். நான் விடவில்லை.

பாலத்தைத் தாண்டிக் கிண்ணியாவுக்குள் பஸ் போகும்போதெல்லாம் அம்மா ஜன்னலால் காட்டுவா. "அங்க பார், அது கீர்த்தி கீறின வீடு." பக்கத்துச் சீட்டில் யார் இருந்தாலும் அவருக்கும் சொல்லுவா. உங்களிடம் சொல்லமாட்டா, ஊருக்கெல்லாம் சொல்லுவா. நாலு வீடு. ஒவ்வொரு தரமும் நாலையும் காட்டுவா. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஒத்தடம் கொடுப்பது நான், காட்டப்படுவது உங்கள் வீடு. ஒரு வீடாவது என்னுடையது என்று அம்மா காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அது உங்களுடைய வீடுகளில் ஒன்றைக் குறைத்து வந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

இதைச் சொன்னால் நீங்கள் செய்தது சின்னதாகிவிடும் என்று எழுதவில்லை. அது அவ்வளவேதான் இருக்கிறது. என்னுடையது அதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

பார்சலை முந்தாநாள் திறந்தேன். வினோதன் அண்ணா பூட்டித் தந்தார். நன்றாக ஓடுகிறது. அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

லோஜினி


வெள்ளவத்தை,
கொழும்பு.
20.02.2025

லோஜி,

நலமாக இரு.

உன் கடிதத்தை முதல் வாசித்தபோது கோபத்தில் இரண்டாகக் கிழித்துவிட்டேன். பாதிக்கா? நான் ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டு, பத்து ஞாயிறுகளைக் கொடுத்திருக்கிறேன், நீ பாதிக்குத் தருகிறேன் என்றாயா? பிறகு பசை எடுத்து ஒட்டி, அம்மா ஜன்னலால் காட்டுகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை.

அழுதேன். சந்தோசமா, ஆத்திரமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பெட்டிக்கு மேல் இப்போது வெறும் மொனிட்டர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்ய வேலை இல்லை, மத்தியானச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிறேன். மார்ச் நடுவில் நாலு நாள் லீவு போட்டிருக்கிறேன். வருவேன். நீ பஸ் நிலையத்துக்கு வரத் தேவையில்லை. வந்தால் நல்லது.

கீர்த்தனி


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
06.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று அம்மா சொன்னா. இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் போன பிறகு அம்மா இரண்டு நாள் பிழையாக மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டா.

நீங்கள் கேட்ட விசயத்தை முதலில் எழுதுகிறேன். கடையும் மேலே வீடுமாக முனீப் நானா தந்ததை நீங்கள் நின்ற நாலு நாளில் சேர்ந்து கீறினோமே, அந்தப் பிளானைச் சபை ஏற்றுக்கொண்டது. ஒரு திருத்தமும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னபடி மாடிக்குக் கடற்பக்கம் ஜன்னல் வைத்தது வீட்டுக்காரருக்கு நல்ல பிடிப்பு. காணியை அளந்து, கிணற்றைத் தப்பவைத்துச் சுவரை மூன்றடி உள்ளே எடுத்தது என் யோசனை என்று முனீப் நானா அவரிடம் சொன்னார். நான் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் அவர் சொல்லும்வரை அங்கேயே நின்றேன்.

நீங்கள் போகிற அன்று "வரைந்தவர்" என்ற இடத்தில் யாருடைய பெயர் முதல் வர வேண்டும் என்று நாங்கள் பஸ் வெளிக்கிடும்வரை சண்டை பிடித்தோமே. நீங்கள் என்னுடையதை முதலில் போடச் சொன்னீர்கள், நான் உங்களுடையதைப் போடச் சொன்னேன். இரண்டு பேரும் பொய்தான் சொன்னோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில் முனீப் நானாவிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்கு ரெண்டு பேரும் வேணும் தங்கச்சி, என்னை மாட்டிவிடாதீங்கோ. அகரவரிசையில போடுங்கோ" என்றார்.

அப்படியே போட்டாயிற்று. கீர்த்தனி, லோஜினி. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "வடிவாயிருக்கு" என்றா. எனக்கு அவ்வளவு வடிவாகத் தெரியவில்லை. அடுத்த பிளானில் பெயர்களை இங்கிலீஷில் போடலாம் என்று யோசித்தேன். எழுதியும் பார்த்தேன். அதிலும் உங்களுடையதுதான் முதலில் வருகிறது.

சாப்பாட்டை விடாதீர்கள்.

பொறாமையோடும் அன்போடும்,
லோஜினி